பம்பை நிறுத்தியதும் குழாய் இடிப்பது ஏன்?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில், ஆற்றோரப் பம்பு அறையிலிருந்து மேட்டுத் தொட்டிக்கு 400 மீட்டர் நீளத்தில் 3 அங்குல இரும்புக் குழாய் போகிறது. பம்பை நிறுத்தியதும் ‘டமார்’ என்ற சத்தம் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரை கேட்கிறது. இணைப்புகள் ஒழுகுகின்றன. தடித்த குழாய் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தைக் குழாயில் கொட்டாதீர்கள்.

உங்கள் குழாய்க்குள் ஏறக்குறைய 1.8 டன் தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிறது. பம்பு நின்றாலும் அது சிறிது ஏறி, வேகம் இழந்து, பிறகு கீழே திரும்பும். அது திரும்புவதற்குள், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு மூடியிருக்க வேண்டும். மடல் தொங்கும் சாதாரண வால்வு பல நேரம் பிந்திவிடும். அப்போது திரும்பிவரும் தண்ணீரே மடலை அறைந்து சாத்துகிறது. இரும்புக் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் சட்டென்று நின்றால், இருக்கும் அழுத்தத்தோடு சுமார் 12 பார் கூடும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்று மண்டல அழுத்தம்). மாஸ்கோ குடிநீர்க் குழாய்களைச் சோதித்து ரஷ்ய அறிவியலாளர் ஜுக்கோவ்ஸ்கி 1898இல் வெளியிட்ட கணக்கு இது. தடித்த குழாயில் இந்த அடி குறையாது, சற்றுக் கூடவே செய்யும்.

பம்பை நிறுத்தும்போது செக் வால்வின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு அங்கேதான் என்றால், குழாயை வடித்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். மடலின் அச்சாணி தேய்ந்து ஆடலாம். தேயாவிட்டாலும், ஸ்பிரிங் வைத்த செக் வால்வாக மாற்றிவிடுங்கள். நீர் திரும்பும் முன்பே ஸ்பிரிங் அதை மூடிவிடும். மாலை இடிமழையில் மின்சாரம் போய்ப் பம்பு தானாக நிற்கும்போதும் காப்பாற்றுவது இதுதான். மோட்டாரை மெதுவாக ஓட்டி நிறுத்தும் ‘சாஃப்ட் ஸ்டார்ட்டர்’ கருவி அந்த நேரத்தில் உதவாது.

வால்வு வரும்வரை, பம்பு ஓடும்போதே வெளியேற்றக் குழாயின் கேட் வால்வை மெதுவாக மூடி, மூடியவுடன் பம்பை நிறுத்துங்கள். கடைசிக் கால்பங்கில் இன்னும் நிதானம் வேண்டும், ஓட்டம் பெரும்பாலும் அங்கேதான் குறைகிறது. இது, சுழலும் சக்கரத்தால் நீரைத் தள்ளும் மையவிலக்குப் பம்புக்கு மட்டும். பிஸ்டன் பம்பில் செய்தால் ஆபத்து.

சத்தம் மேட்டுப் பக்கமிருந்து வந்தால் கதை வேறு. குழாய் மேடேறி வளையும் இடத்தில் நீர்த்தம்பம் அறுந்து மீண்டும் மோதுகிறது. அங்கே காற்று வால்வு தேவை. முனை அடைத்த குழாய்த் துண்டைச் செங்குத்தாக நட்டுக் காற்றறை என்பார்கள், நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று நாளடைவில் நீரில் கரைந்துவிடும். ரப்பர்ப் பை வைத்த அழுத்தக் கலமே நிலைக்கும்.

ஒழுகும் இணைப்புகளை வால்வு மாற்றிய பிறகு சரிசெய்யுங்கள். அதற்கு முன் இறுக்கினால் மறுபடியும் விட்டுவிடும்.