ஜெர்மனியில் படிக்கும் மாணவியின் ஒரு நாள்: கால அட்டவணையில் இல்லாத மணி நேரங்கள்

"வெளிநாட்டில் படிக்கும் மாணவரின் ஒரு நாள் எப்படிக் கழியும்? பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படித்துவிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்ததும், கல்விக்கடன் வாங்கியோ வீட்டு நகையை அடகு வைத்தோ புறப்படத் தயாராகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நானும் அப்படித்தான் 2022 அக்டோபரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்கு நீரியல் முதுகலை படிக்கப் போனேன். எனவே எனக்குத் தெரிந்த அந்த ஓர் ஊரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ படித்தவர்கள் தங்கள் ஊரில் இப்படி இல்லை என்று சொன்னால், அதை நான் மறுக்கப் போவதில்லை. வேலையும் பார்த்துப் படிப்பிலும் சிறந்து விளங்கியவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு காலை 7:30 மணிக்குத் தொடங்கும். ஒவ்வொரு வகுப்பும் ஒன்றரை மணி நேரம். இடையில் இருபது நிமிட இடைவெளி. டிசம்பரில் அங்கே சூரியன் எட்டு மணி வாக்கில்தான் உதிக்கும். மாலை நான்கு மணி வாக்கில் மறைந்தும் விடும். இருட்டில் பேருந்து ஏறி, விளக்கு வெளிச்சத்தில் பாதி வகுப்பு முடிந்த பிறகு ஜன்னலுக்கு வெளியே மெல்ல விடிவதைப் பார்ப்பது முதல் சில வாரங்களில் எனக்கு மிகவும் புதிதாக இருந்தது. பேராசிரியர் பாடத்தை முடித்ததும் மாணவர்கள் கை தட்ட மாட்டார்கள். விரல் முட்டிகளால் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் அங்கே நன்றி சொல்லும் முறை. மதியம் மென்சா எனப்படும் மாணவர் உணவகத்தில் அப்போது சுமார் மூன்று யூரோவுக்குச் சூடான சாப்பாடு கிடைத்தது. சைவ உணவும் அநேகமாக எல்லா நாளும் இருக்கும். பிறகு நூலகம். பையையும் மேல்கோட்டையும் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, மடிக்கணினியையும் நோட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, தரைமட்டத்துக்குக் கீழே கண்ணாடிக் கூரையுடன் அமைந்திருக்கும் பெரிய வாசிப்புக் கூடத்துக்கு இறங்க வேண்டும். மத்திய அமெரிக்காவின் பழங்கால மாயா மக்கள் எழுதி, உலகில் எஞ்சியிருக்கும் மிகச் சில சுவடிகளில் ஒன்று அந்த நூலகத்தில்தான் பாதுகாக்கப்படுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் நாள் அவ்வளவுதான். யாரும் சொல்லாத ஒன்று உண்டு. நான் படித்த பாடங்களில் வருகைப் பதிவு கிடையாது. உள்தேர்வு கிடையாது. வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்க யாரும் இல்லை. ஆறு மாதப் பாடம் முழுவதும் பிப்ரவரியில் எழுதும் ஒரே தேர்வில் வந்து நிற்கும். திருச்சியில் நான் படித்த கல்லூரியில் எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. மாதம் ஒரு தேர்வு, அதற்கு ஒரு மதிப்பெண், அது குறைந்தால் அப்பாவுக்குத் தகவல். அந்தக் கயிறு அறுந்தபோது விடுதலை கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

பணத்துக்கு வருகிறேன். நான் போன ஆண்டில் விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதம் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கில், 10,332 யூரோ காட்ட வேண்டியிருந்தது. அதிலிருந்து மாதம் 861 யூரோ நம் கைக்கு வரும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோவாக உயர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் நான் காட்டிய அந்தப் பழைய தொகையே எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். லால்குடியில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதும் என் அப்பா, கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது பேனாவை மூடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். எங்களுக்கு வழிகாட்டிய கன்சல்டன்சிக்காரர், "கல்விக் கட்டணமே கிடையாது சார், பார்ட் டைம் வேலையிலேயே செலவு போய்விடும், வீட்டுக்கும் பணம் அனுப்புவாள்" என்று அப்பாவிடம் சொன்னார். கட்டணம் இல்லை என்பது அப்போது உண்மை. அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும் பங்களிப்புத் தொகை மட்டும்தான், அதிலேயே ஊர்ப் பேருந்தும் டிராமும் அடங்கிவிடும். மற்றது உண்மையில்லை. மருத்துவக் காப்பீடு மட்டும் மாதம் நூறு யூரோவைத் தாண்டும். ஆண்டுக்கு இத்தனை நாள்தான் வேலை பார்க்கலாம் என்ற வரம்பும் உண்டு. அப்போது 120 முழு நாள் அல்லது 240 அரை நாள், 2024 மார்ச் முதல் 140 அல்லது 280. அந்த நாள்களை எந்த நேரத்திலிருந்து எடுத்து வேலைக்குக் கொடுப்பது என்பதை அவர் சொல்லவே இல்லை. இதைச் சொல்லாமல் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

நவம்பரில் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. மினிஜாப் என்பார்கள், மாத வருமானத்துக்கு வரம்புள்ள சிறு வேலை, அப்போது மாதம் 520 யூரோ வரை. அப்போதைய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12 யூரோ. புதன், சனி, ஒன்றுவிட்ட ஞாயிறு ஆகிய நாள்களில் காலை ஐந்து முதல் ஒன்பது வரை வேலை. மூன்றே முக்காலுக்கு எழுந்து எல்பே ஆற்றைக் கடந்து போக வேண்டும். உறைந்த மாவு உருண்டைகளைத் தட்டில் ஐந்து வரிசையாக அடுக்கி, அடுப்புக்குள் தள்ளி, மணி அடித்ததும் வெளியே இழுக்க வேண்டும். தட்டின் விளிம்பு மணிக்கட்டில் பட்ட தழும்பு இன்னும் என் இடது கையில் இருக்கிறது. வேலை இழிவு என்று நான் சொல்லவில்லை. அங்கே என்னுடன் நின்ற பெண்மணி எனக்குக் கற்றுக்கொடுத்த ஜெர்மன், வகுப்பில் படித்ததைவிட அதிகம்.

புதன்கிழமை 9:20 மணிக்கு நீரியல் பாடத்தின் பயிற்சி வகுப்பு இருந்தது. ஒன்பது மணிக்கு வேலை முடித்து, ஆற்றின் மறுகரையிலிருந்து அதற்குள் போய்ச் சேர முடியாது. விரிவுரைகளுக்குத் தவறாமல் போகிறோமே, பயிற்சித் தாள்கள்தான் இணையத்தில் இருக்கின்றனவே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு புதன்கிழமைகூட நான் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தேர்வு முடிவு 5.0 என்று வந்தது. அங்கே 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 என்றால் தோல்வி. பள்ளி முதல் அதுவரை நான் எதிலும் தோற்றதில்லை. திருத்திய விடைத்தாளை மாணவர்கள் நேரில் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். ஏப்ரலில் போனேன். ஒரு சிறிய அறை, கைபேசி அனுமதி இல்லை, அரை மணி நேரம். என் கணக்குகளில் கூட்டல் கழித்தல் பிழைகள் இல்லை. மழையளவிலிருந்து ஆற்றின் வெள்ள அளவைக் கணிக்கும் கேள்வியில், எந்த முறையைப் பயன்படுத்துகிறேன், எந்த அனுமானத்தில் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நேரடியாக விடைக்குப் போயிருந்தேன். ஓரத்தில் ஆசிரியர் சிவப்பில் ஒரே சொல்லை மூன்று இடத்தில் எழுதியிருந்தார்: "ஏன்?" அந்த "ஏன்" என்ற கேள்வியைத்தான் நான் போகாத புதன்கிழமைகளில் அந்தப் பயிற்சி வகுப்பில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கொள்ளிடக் கரையில் வெள்ளம் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கேள்வியில் தோற்றதுதான் என்னை மிகவும் வருத்தியது.

அப்பாவிடம் சொல்லவில்லை. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. அவர் கடையிலிருந்து திரும்பியதும் தினமும் அழைப்பார். நான் நூலகப் படிக்கட்டில் நின்றுகொண்டு எல்லாம் நன்றாகப் போகிறது என்பேன். மூன்று முறை தோற்றால் அந்தப் படிப்பையே இழக்க நேரிடும் என்ற விதி எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

கோடைப் பருவத்தில் புதன்கிழமை வேலையை விட்டேன். மாதம் இருநூறு யூரோ குறைந்தது. அதற்கேற்ப அறையை மாற்றிக்கொண்டு நகரின் ஓரத்துக்குப் போனேன். மற்ற பாடங்களின் பயிற்சி வகுப்புகளில் முன் வரிசையில் உட்கார்ந்தேன். நீரியல் பயிற்சித் தாள்களை, தேர்ச்சி பெற்ற ஒரு வியட்நாம் தோழியுடன் உட்கார்ந்து முதலிலிருந்து போட்டேன். 2002 ஆகஸ்டில் டிரெஸ்டனில் எல்பேயின் நீர்மட்டம் 9.40 மீட்டரை எட்டியதையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருப்பிவிடப்பட்ட வைசரிட்ஸ் ஆறு அந்த வெள்ளத்தில் தன் பழைய பாதைக்கே திரும்பி ரயில் நிலையத்துக்குள் புகுந்ததையும் அவள்தான் தரவுகளை வைத்து எனக்கு விளக்கினாள். தினமும் நான் ஏறி இறங்கிய அந்த நிலையத்துக்குள் ஓர் ஆறு புகுந்தது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஜூலையில் மறுதேர்வு எழுதி 2.3 வாங்கினேன். அன்று மாலைதான் அப்பாவிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த புதன்கிழமைக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்டார். நாற்பத்தெட்டு யூரோ என்றேன். "அதை நான் அனுப்பியிருப்பேனே" என்றார்.

எனவே, வேலை பார்க்கலாமா என்று கேட்டால், பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கால அட்டவணை கைக்கு வந்ததும் விரிவுரைகளைக் குறிப்பதற்கு முன்பே பயிற்சி வகுப்புகளைக் குறித்து வையுங்கள். மீதி இருக்கும் நேரத்தை மட்டும் முதலாளியிடம் சொல்லுங்கள். முடிந்தால் முதல் பருவத்துக்கான செலவை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். கடன் கூடுமே என்று வீட்டில் தயங்கினால், இந்தப் பதிலை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.