வாசகர் கேள்வி – பதில்: கடல் பிரித்த திருமணங்களும் குடும்ப மானமும்

கேள்வி: நியூயார்க் சைனா டவுனில் இருபது, முப்பது ஆண்டுகள் மனைவியைப் பிரிந்தே வாழ்ந்த சீனர்கள் ஏராளம் என்று படித்தேன். சம்பாதித்தவர்கள்கூட ஏன் மனைவியை அழைத்துக்கொள்ளவில்லை? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அழைத்துக்கொள்ளச் சட்டம் விடவில்லை. 1875ஆம் ஆண்டின் பேஜ் சட்டம், பாலியல் தொழிலுக்காக வருகிறவர்களைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, வந்திறங்கிய சீனப் பெண்கள் எல்லோரையுமே ஐயத்தோடு நடத்தியது. 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் தொழிலாளர் வருகையை நிறுத்தியது. தொழிலாளியின் மனைவியும் அதே தடைக்கு உட்பட்டவரே என்று நீதிமன்றம் கூறியதால், முன்பே குடியேறியவர்களுக்கும் வழி அடைபட்டது. வணிகர்கள் போன்ற சிலர் மட்டும் தப்பினார்கள். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அமெரிக்காவில் ஒரு சீனப் பெண்ணுக்குச் சுமார் 27 சீன ஆண்கள் இருந்தார்கள். 1924ஆம் ஆண்டுச் சட்டமோ அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்த சீனரின் மனைவியைக்கூட உள்ளே விடவில்லை. சலவைக் கடையில் விடியற்காலை முதல் இரவு வரை இஸ்திரிப் பெட்டியோடு நின்ற ஒருவர், பல ஆண்டுச் சேமிப்போடு ஊருக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டு, மனைவி கருவுற்றிருக்கும்போதே மறுபடி கப்பலேறுவார். அடுத்த முறை அவர் ஊர் திரும்பும்போது, அவரை அடையாளம் தெரியாத பிள்ளை வாசலில் நிற்கும்.

கேள்வி: பிரிவு சட்டத்தால் வந்தது என்றால், ஊரில் தனியே இருந்த மனைவி தவறியபோது மட்டும் குடும்ப மானம் போயிற்று என்றது என்ன நியாயம்? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: நியாயமே இல்லை. ஆனால் அந்த எண்ணம் எப்படி நிலைபெற்றது என்பதைச் சொல்லலாம். அன்று அமெரிக்கா சென்ற சீனர்களில் பெரும்பாலோர் குவாங்டொங் மாகாணத்தின் தைஷான் வட்டாரத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்தவர்கள். அங்கே மருமகள் மாமியாரின் கண்காணிப்பில் புகுந்த வீட்டிலேயே இருந்தாக வேண்டும். மணமகன் வர முடியாத திருமணங்களில் அவனுக்குப் பதிலாக ஒரு சேவலை நிறுத்திச் சடங்கை முடித்ததும் உண்டு. சேவலுக்குப் பக்கத்தில் நின்று மணமான பெண் அதன்பின் கணவனின் பெற்றோருக்குப் பணிவிடை செய்து, முன்னோர் வழிபாட்டுக்கு ஒரு மகனையும் வளர்த்துத் தர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். கணவன் திரும்பி வராத வீடுகளில் தத்துப்பிள்ளை எடுத்தார்கள். அவள் வேறொருவரோடு பழகினாள் என்ற பேச்சு எழுந்தால் ஊர் சிரிக்கும். அடுத்த கடிதத்திலேயே அது கடலைக் கடந்து, கணவன் வேலை செய்யும் தெருவுக்கும் வந்துவிடும். நியூயார்க்கில் விலைமாதரிடம் சென்ற கணவனையோ, அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட கணவனையோ அதே ஊர் பெரிதாகக் குறை சொல்லவில்லை. பணம் அனுப்புவதை நிறுத்தினால்தான் அவனைப் பொறுப்பற்றவன் என்றது. ஆணுக்குப் பணமும் பெண்ணுக்குக் கற்பும் என்று மானத்துக்கு இரண்டு அளவுகள் வைத்திருந்தார்கள். அவர்கள் பண்பாடு அப்படி என்று சொல்லி இதைக் கடந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இளமை முழுவதையும் காத்திருப்பில் கழித்த அந்தப் பெண்களிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை.

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்குப் பின் மனைவியர் வந்து சேர்ந்த பிறகும், ஒரு வீட்டில் நடந்த தவறு தெரு முழுவதற்கும் வழக்கானது ஏன்? நீதிமன்றம் இல்லையா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 1943இல் விலக்குச் சட்டம் நீங்கியபோது ஆண்டுக்கு 105 பேர் என்ற வரம்பு வைத்தார்கள். 1945ஆம் ஆண்டின் படைவீரர் மனைவியர் சட்டமும், குடியுரிமை பெற்ற சீனரின் மனைவியரை அந்த வரம்புக்கு வெளியே அனுமதித்த 1946ஆம் ஆண்டுச் சட்டமும்தான் ஆயிரக்கணக்கான பெண்களை வரவைத்தன. அவர்களில் பலருக்குக் கணவனோடு சில வாரப் பழக்கமே இருந்தது. மாட், பெல், டாயர்ஸ் என்ற குறுகிய தெருக்களில், தம் மனைவியரை என்றோ ஊரில் விட்டு வந்த முதியவர்கள் நடுவே அந்த இளம்பெண்கள் குடிபுகுந்தார்கள். யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வேலை, தங்க அறை, சீட்டுப் பணம் ஆகிய மூன்றும் ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களின் சங்கம் வழியாகவே கிடைத்தன. சீட்டில் சேர்த்துக்கொள்ள ஈடு கேட்பதில்லை, பெயரைத்தான் பார்ப்பார்கள். ஆகவே மகன் வீட்டில் நடந்த தவறு தந்தையின் கடனையும் வேலையையும் சங்கத்தில் அவர் சொல்லுக்கிருந்த மதிப்பையும் தொட்டது.

நீதிமன்றத்தைத் தவிர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு; என் பார்வையில் அதுவே முக்கியமானது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் அழிந்தபின், குடியுரிமை உள்ள ஒருவரின் மகன் என்று பொய்ப் பத்திரம் காட்டி நுழைந்தவர்கள் மிகப் பலர். அவர்களைக் காகித மகன்கள் என்பார்கள். அப்படி வந்தவர் சாட்சிக் கூண்டில் ஏறி, உன் தந்தை யார் என்ற கேள்விக்குப் பதில் சொன்னால், நாடு கடத்தல் வரை போகலாம். எனவே வழக்குகளைக் குடும்பச் சங்கமும், அதற்கு மேல் 1883இல் நிறுவப்பட்ட நியூயார்க் சீனர் பொது நலச் சங்கமும் பேசித் தீர்த்தன. அங்கே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

கேள்வி: இந்தப் பிடி எப்போது தளர்ந்தது? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு குடும்பங்களாக வரத் தொடங்கினார்கள்; பெண்கள் சைனா டவுனின் தையற்கூடங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1982இல் முதலாளிகளோடான தொழிற்சங்க ஒப்பந்தத்துக்காக அவர்களில் சுமார் 20,000 பேர் தெருவில் இறங்கினார்கள். முதலாளிகளும் சீனர்களே என்பதால், வீட்டுச் சண்டையை வெளியே கொண்டுபோகலாமா என்ற பழைய பேச்சு அங்கும் எழுந்தது. அவர்கள் பின்வாங்கவில்லை, ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உணவகத்தில் வேலை செய்த பல கணவர்களுக்கு மருத்துவக் காப்பீடே கிடையாது. மனைவியின் தொழிற்சங்கக் காப்பீட்டில்தான் குடும்பமே வைத்தியம் பார்த்துக்கொண்டது. அந்த நிலையில் இருந்த பெண்ணை, மானத்தின் பெயரால் வீட்டைவிட்டுத் துரத்துவேன் என்று மிரட்டுவது எளிதாக இருக்கவில்லை.