சிம் கார்டை நம்பி ஒரு எதிர்காலமா? கவலைப்படும் ஓர் அம்மாவுக்கு

எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், சாதனங்களுக்குள் இருக்கும் சிம் கார்டுகளைப் பற்றி புராஜெக்ட் செய்யப்போகிறேன் என்கிறாள். “அதில் படிக்க என்ன இருக்கிறது, வேலை கிடைக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான், அம்மா. கைபேசியில் சிம்மைப் போட்டதும் நாம் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் மின் மீட்டரிலும், வண்டியில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவியிலும், கடையில் கார்டு தேய்க்கும் மெஷினிலும் சிம் இருக்கிறது. ஒரு மீட்டரைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு யாரும் திறக்கப்போவதில்லை. நடுவில் நெட்வொர்க்கை மாற்ற வேண்டி வந்தால், லட்சம் மீட்டர்களுக்கும் ஆள் அனுப்பி சிம் மாற்றுவது நடக்கிற காரியமா? எந்தச் சாதனத்துக்கு எந்த சிம் என்பதை ஆரம்பத்திலேயே சரியாகத் தீர்மானிக்கத் தெரிந்தவர்கள் நிறுவனங்களுக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

1991-ல் வந்த முதல் சிம், ஏடிஎம் கார்டு அளவில் இருந்தது. பிறகு மினி, மைக்ரோ என்று குறைந்து, நானோ சிம் 12.3-க்கு 8.8 மில்லிமீட்டரில் நின்றது. நாள் முழுக்க அதிரும் வண்டியில் செருகும் கார்டு நம்பிக்கைக்குரியதல்ல. தொடுமுனை தளர்ந்தால் இணைப்பு போய்விடும். அதற்காக வந்ததுதான் எம்எஃப்எஃப்2 என்னும் சில்லு. 6-க்கு 5 மில்லிமீட்டர். நேராக சர்க்யூட் போர்டில் சால்டர் செய்துவிடுவார்கள். தொழிற்சாலைத் தரத்தில் செய்தவை மைனஸ் 40 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். இப்போது அந்தத் தனிச் சில்லும் வேண்டாம் என்று, சாதனத்தின் முதன்மைச் சில்லுக்குள்ளேயே சிம்மை அடக்கும் ஐசிம் வந்திருக்கிறது.

இங்கே பலர் குழம்புகிறார்கள். சால்டர் செய்த சிம் என்றாலே இ-சிம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. சால்டர் செய்வது வடிவம் சம்பந்தப்பட்டது. இணைப்பு தரும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் விவரங்களைத் தூரத்திலிருந்தே இறக்கி மாற்ற முடிகிறதா என்பது உள்ளே இருக்கும் மென்பொருள் சம்பந்தப்பட்டது. அதற்கு இயூஐசிசி என்று பெயர். அது இல்லாத எம்எஃப்எஃப்2 சில்லைப் போட்டால், சாதனம் ஆயுள் முழுக்க ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டு கிடக்கும். சாதாரண பிளாஸ்டிக் கார்டிலோ இயூஐசிசி இருக்கலாம். நேர்முகத் தேர்வில் இதை இரண்டே வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டால், கேட்பவருக்கு இந்தப் பெண் விஷயம் தெரிந்தவள் என்று புரிந்துவிடும்.

தூரத்திலிருந்து மாற்றுவதற்கான விதிகளை, உலகெங்கும் உள்ள கைபேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ மூன்று விதமாக வகுத்திருக்கிறது. கைபேசிக்கானதில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஒப்புதல் தர ஒரு மனிதர் வேண்டும். இயந்திரங்களுக்கான பழைய முறையில் சர்வரே மாற்றத்தைத் தொடங்கும். அதற்குப் பெரும்பாலும் ஒரு எஸ்எம்எஸ் போய்ச் சாதனத்தை எழுப்ப வேண்டும். திரையும் இல்லாத, எஸ்எம்எஸ்ஸும் வாங்காத, பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிறு சாதனங்களுக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. அவற்றுக்காக 2023-ல் வந்த மூன்றாவது விதிமுறை ஆவணம்தான் எஸ்ஜிபி.32. ஜிஎஸ்எம்ஏ தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மகளைப் படிக்கச் சொல்லுங்கள். முதல் வாசிப்பில் தலை சுற்றும். சுற்றட்டும். இப்படிப்பட்ட ஆவணத்தைப் பொறுமையாகப் படித்துப் புரிந்துகொள்வதுதான் வேலையில் தினமும் செய்ய வேண்டியது.

படிப்பதோடு நிற்கக் கூடாது. சிம்மைப் போட்டு நெட்வொர்க்கோடு இணைத்துப் பார்க்கும் ஒரு மோடம் போர்டு வாங்கிக் கொடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று 2ஜி மட்டும் உள்ளதை வாங்க வேண்டாம். பல நாடுகளில் 2ஜி மூடப்பட்டுவிட்டது. 4ஜி போர்டாக இருக்கட்டும். கணினியில் இணைத்து ‘ஏடி+சிபின்?’ (AT+CPIN?) என்ற கட்டளையைத் தட்டினால் ‘ரெடி’ என்று பதில் வர வேண்டும். சிம் சரியாக உட்கார்ந்திருக்கிறது, பின் நம்பரும் கேட்கவில்லை என்று அர்த்தம். அடுத்து ‘ஏடி+சிஎஸ்க்யூ’ (AT+CSQ) என்ற கட்டளை. 0 முதல் 31 வரை ஓர் எண் வந்தால் அது சிக்னலின் பலம்; 99 வந்தால் அளக்க முடியவில்லை. ஆன்டெனாவைக் கழற்றியும் மாட்டியும் அந்த எண் எப்படி மாறுகிறது என்று அவளே பார்க்கட்டும்.

சரி, வேலை. ‘சிம் இன்ஜினியர்’ என்று தேடினால் விளம்பரங்கள் அதிகம் அகப்படாது. எம்பெடட் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்), ஐஓடி கனெக்டிவிட்டி (சாதனங்களை நெட்வொர்க்கோடு இணைப்பது), சாதனப் பாதுகாப்பு என்ற தலைப்புகளில் தேட வேண்டும். சி மொழி, லினக்ஸ், நெட்வொர்க் அடிப்படை மூன்றும் கட்டாயம். சிம் அறிவு அவற்றின் மேல் ஏறும்போதுதான் பலன் தரும். பாதுகாப்புப் பக்கம் ஆர்வம் இருந்தால் இன்னும் நல்லது. சிம்முக்குள் இருக்கும் ரகசிய சாவி வெளியே வராமலே நெட்வொர்க்குக்கு அடையாளத்தை நிரூபிக்கிறது. அதைப் புரிந்துகொண்டவர்களுக்கு வங்கி அட்டைகள், மின்னணு பாஸ்போர்ட் போன்ற துறைகளும் எட்டும் தூரம்தான்.

“எஸ்ஜிபி.32 கோர்ஸ், வேலை உறுதி” என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கட்டிவிடாதீர்கள். அதற்குப் பதில், புராஜெக்டைத் தொடங்கும் முன் அவளிடம் மூன்று கேள்விகளுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதச் சொல்லுங்கள்: இந்தச் சாதனம் எங்கே இருக்கும், எத்தனை வருடம் ஓடும், நெட்வொர்க் மாறினால் யார் என்ன செய்வார்கள்? எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு, எந்த சிம்மோடு தொடங்கலாம் என்று அவளோடு பேசுகிறேன்.