மேவனில் இன்ஸ்டால் செய்த மாட்யூல் பக்கத்து மேசைக்கு ஏன் வருவதில்லை?

சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் நாலு பேர் குழு என்கிறீர்கள். ஜாவா நிரல்களைக் கட்டமைக்கும் மேவன் கருவியில் ஜிஎஸ்டி மாட்யூலை ‘இன்ஸ்டால்’ செய்தும் பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைக்கவில்லை என்பது உங்கள் கேள்வி.

கிடைக்காதுதான். இன்ஸ்டால் கட்டளை ஜார் கோப்பை (தொகுத்த ஜாவா நிரலை) உங்கள் கணினியின் ‘.எம்2’ கோப்புறையில் வைப்பதோடு சரி. மற்றவர்களுக்கும் போக வேண்டுமென்றால் ‘டிப்ளாய்’ செய்ய வேண்டும். அதற்குப் பொதுவான களஞ்சியம் ஒன்று தேவை. அலுவலகத்தில் எப்போதும் ஓடும் கணினி ஒன்றில் நெக்ஸஸ் என்ற களஞ்சிய மென்பொருளை நிறுவினாலே உங்களுக்குப் போதும். களஞ்சிய முகவரியைப் போம் கோப்பின் (திட்ட விவரங்கள் உள்ள pom.xml) டிஸ்ட்ரிபியூஷன் மேனேஜ்மென்ட் பகுதியிலும், கடவுச்சொல்லை மேவனின் செட்டிங்ஸ் கோப்பிலும் (settings.xml) எழுதுங்கள். இரண்டிலும் களஞ்சியத்தின் ஐடி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் 401 (அனுமதி இல்லை) பிழை வரும். கடவுச்சொல்தான் தப்போ என்று அரை நாள் வீணாகும். பக்கத்து மேசைக்காரரின் செட்டிங்ஸிலும் அதே களஞ்சியத்தைச் சேர்க்க மறக்காதீர்கள்.

அப்புறம் பதிப்பு எண். இதில்தான் வம்பே. 1.2-ஸ்னாப்ஷாட் (இன்னும் வேலை முடியாத பதிப்பு) என்றால் திரும்பத் திரும்ப ஏற்றலாம். ஆனால் மேவன் வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் புதியது இருக்கிறதா என்று பார்க்கும். அவசரத்துக்கு மேவன் கட்டளையோடு ‘-யு’ (-U) கொடுக்கச் சொல்லுங்கள். வெறும் 1.2 என்று வெளியிட்டுவிட்டால் அதை மறுபடி தொடாதீர்கள். ஒருமுறை இறக்கியவரின் கணினி அதைத் திரும்பத் தேடாது. ஒரே எண்ணில் இருவரிடம் இரண்டு வரிக் கணக்கு ஓடும். வரி விகிதம் மாறினால் 1.3 போடுங்கள், எண்களுக்குப் பஞ்சமில்லை. உலகத்துக்கே பொதுவான களஞ்சியமான மேவன் சென்ட்ரலிலும் இப்படித்தான்: வெளியிட்டதை மாற்றவும் முடியாது, நீக்கவும் முடியாது.

ஆலைக்கு அனுப்பும் பில்டில் ஸ்னாப்ஷாட் ஒன்றுகூட இருக்கக் கூடாது.