சைக்கிளில் ஆடினால் அது போலோ ஆகாதா?

கேள்வி: குதிரை இல்லாமல் யானை, ஆட்டோ, சைக்கிள் என்று எதிலெல்லாமோ போலோ ஆடுகிறார்களே, இதெல்லாம் நிஜமான விளையாட்டா, வெறும் வேடிக்கையா?

யானையை முதலில் சொல்லிவிடுகிறேன். நேபாளத்தில் மேகௌலியில் 1982-ல் யானைப் போலோ போட்டி ஆரம்பித்தார்கள். பாகன் யானையை ஓட்டுவார், கூட உட்கார்ந்திருப்பவர் நீளக் கோலால் பந்தை அடிப்பார். இலங்கையில் காலி என்ற ஊரில் 2007-ல் இப்படி ஒரு போட்டியில் யானை மிரண்டு ஆட்களுக்குக் காயமானது. 2016-ல் அதே ஊரில் ஆட்டோ வைத்து ஆடினார்கள். ஆட்டோவில் ஆடட்டும், வாயில்லா ஜீவனை இதற்கு இழுக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஆனால் சைக்கிளையும் அதே வரிசையில் வைத்துவிட்டீர்களே, அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் கேட்பதைப் பார்த்தால் வீட்டில் பிள்ளை சேர வேண்டும் என்று அடம் பிடிக்கிறது போல. நான் கோவையில் கல்லூரி படித்தபோது மூன்று வருடம் சைக்கிள் போலோ ஆடியவள். குதிரைப் போலோவை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மணிப்பூரில் குதிரை மேல் ஏறி ஒரு பக்கம் ஏழு பேராக, கோல்போஸ்ட்டே இல்லாமல் ஆடும் சகோல் காங்ஜெய்தான் இன்றைய போலோவுக்கு வேர், அந்த மரியாதை எனக்கு உண்டு. சைக்கிள் போலோவும் நேற்று முளைத்ததில்லை. 1891-ல் அயர்லாந்தில் ரிச்சர்ட் மெக்ரெடி என்ற சைக்கிள் பந்தய வீரர் தொடங்கியது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக நடந்து, அயர்லாந்து ஜெர்மனியை 3-1 என்று ஜெயித்தது.

களத்தில் ஓர் அணிக்கு நாலு பேர். ஆட்டத்தின் ஒரு சுற்றுக்குச் சக்கர் என்று பெயர்; ஏழரை நிமிடம் ஒரு சக்கர், அப்படி நாலு சக்கர். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆடினால் நாக்கு தள்ளும். குதிரையாவது தானாக ஓடும், இங்கே மிதிப்பதும் நாம்தான், திருப்புவதும் நாம்தான், அடிப்பதும் நாம்தான். வலது கையில் கோல், ஹேண்டில்பாரில் இடது கை மட்டும். அடிக்கும் நொடியில் வலது பெடல் மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தால் கோல் நம் காலையே பதம் பார்க்கும். இதை உடம்பு தானாகச் செய்ய எனக்கு நாலு மாதம் ஆனது.

இரண்டாம் வருடம் ஒரு போட்டி, மூன்றாவது சக்கர். பந்து முன்சக்கரத்துக்குக் குறுக்கே வந்தது, அவசரப்பட்டு வீசினேன், கோல் நேராக என் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய்விட்டது. ஹேண்டிலுக்கு மேலே பறந்து விழுந்தேன். முழங்கை தோல் உரிந்து, அதில் புல்லும் மண்ணும் ஒட்டியிருந்தது. பதினோரு கம்பி போச்சு, ரிம் எட்டு போட்டுவிட்டது. எங்கள் மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மைதான ஓரத்தில் நிறுத்தியிருந்த தன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்பேனரால் இரண்டு நட்டைக் கழற்றி, அந்தச் சக்கரத்தை என் வண்டியில் மாட்டினார். முன் பிரேக்கை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. "ஏறும்மா, நேரமில்லை" என்றார், அவ்வளவுதான். நாலாவது சக்கர் ஆடினேன். தோற்றோம், 4-2. அவர் முன்சக்கரம் இல்லாத வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார். மறுநாள் காலை என் சக்கரம் புதுக் கம்பி போட்டு, கோட்டம் எடுத்து, மைதானச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. இதையா வேடிக்கை என்கிறீர்கள்?

இன்று என் பையனுக்கு ஒரு சைக்கிள் நிறுத்த இடமில்லை. எங்கள் அடுக்ககத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கார் நிற்கலாம், பிள்ளைகள் சைக்கிளை மட்டும் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம், கீழே ஓட்டினால் செக்யூரிட்டி விரட்டுகிறார். மூன்று கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டேன், பார்க்கலாம் என்றே சொல்கிறார்கள். குழந்தைகள் எந்நேரமும் போனில் இருக்கிறார்கள் என்று புலம்புவதும் இதே ஆட்கள்தான்.

சரி, உங்கள் விஷயம். பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். ஹெல்மெட், முழங்கால் கவசம் இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். வண்டி புதுசு வேண்டாம், வீட்டில் கிடக்கும் பழசு போதும், கேரியரையும் மட்கார்டையும் கழற்றிவிட்டு, பின் பிரேக் இடது கையில் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.