பழைய மைனருக்குப் புது எஞ்சின் போடலாமா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைத்தான் சுற்றி நிற்கின்றன. வீட்டில் நிற்கிற மொறிஸ் மைனருக்கோ ஒஸ்ரினுக்கோ புது எஞ்சின் போடலாமா என்பதுதான் அது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் திறந்தாலும், புதுக் காரின் விலை வன்னியில் வயல் செய்கிறவருக்கும் சம்பளக்காரருக்கும் எட்டுகிற மாதிரி இல்லை. அதனால் கொட்டிலுக்குள் கிடந்த கார்களை வெளியே இழுக்கிறார்கள். எனக்கு அதில் மெத்தச் சந்தோசம். இந்தக் கார்கள் திரும்பவும் ரோட்டில் ஓடவேண்டும், அதுவும் பாதுகாப்பாக ஓடவேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அண்ணை, அப்பாவின் மொறிஸ் மைனர் 1965ஆம் ஆண்டுக் கார். எஞ்சின் புகைக்கிறது, இழுவையும் இல்லை. விற்ஸ் எஞ்சின் ஒன்று மலிவாக வருகிறது. போடலாமா? (மல்லாவி)

தம்பி, விற்ஸ் எஞ்சினை விட்டுவிடுங்கள். அது முன் சில்லு இழுக்கிற காருக்குச் செய்தது. எஞ்சின் குறுக்காக இருக்கும், கியர் பெட்டியும் அதன் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். உங்கள் மைனரில் எஞ்சின் நெடுக்காக நிற்கிறது, பின் சில்லுதான் தள்ளுகிறது. விற்ஸ் எஞ்சினைத் திருப்பி வைத்தாலும் அதற்குப் பின்னால் பொருந்துகிற கியர் பெட்டி வேண்டும். பிறகு கொம்பியூட்டர் பெட்டி, சென்சர்கள், தாங்கிக்குள் உயரமுக்கப் பெற்றோல் பம்ப், முழு வயரிங் எல்லாம் வேண்டும். இவ்வளவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மலிவு என்ற சொல் காணாமல் போய்விடும். அதோடு, ஒருநாள் துணுக்காய் ரோட்டில் சென்சர் ஒன்று செத்து நின்றால் அந்த இடத்தில் திருத்தக்கூடிய ஆள் யார்?

உங்களிடம் இருப்பதையும் ஒருக்கால் பாருங்கள். 1962இலிருந்து மைனருக்கு வந்தது 1098 சீசீ எஞ்சின், 48 குதிரைவலு. முழு இழுவையும் நிமிடத்துக்கு 2500 சுற்றிலேயே வந்துவிடும். கிறவல் ரோட்டில், நாலு பேரும் ஒரு மூட்டை நெல்லும் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகிற எங்கள் ஓட்டத்துக்கு அது நல்ல குணம். காரின் எடையும் முக்கால் தொன் அளவுதான். நல்ல நிலையில் உள்ள 1098, ஏ9 வீதியில் மணிக்கு 80 கிலோமீற்றரில் அலுக்காமல் போகும். உங்கள் காரில் இழுவை இல்லாததற்குக் காரணம் அந்த எஞ்சினின் வடிவம் இல்லை, தேய்மானம். லேத்தில் கொடுத்து போர் பண்ணி (அதாவது தேய்ந்த சிலிண்டர் துவாரத்தைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து), ஓவர் சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கிராங்கையும் பார்த்து, வால்வுகளைச் சரிசெய்தால் இன்னும் பல வருசம் உழைக்கும். என் முதல் தெரிவு அதுதான்.

புளொக் வெடித்துவிட்டது, அல்லது இனிப் போர் பண்ண இடமில்லை என்றால்? அப்போதும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மைனரின் எஞ்சின் ஏ-சீரிஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. முதலில் அதே குடும்பத்தின் 1275 சீசீ எஞ்சினைத் தேடுங்கள். எம்ஜி மிட்ஜெற்றில் வந்த நெடுக்கு எஞ்சின் என்றால் பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் உட்காரும். மினியிலிருந்து கழற்றியது வந்தால் கவனம், அது குறுக்கு எஞ்சின், அப்படியே பொருந்தாது. அது அகப்படாவிட்டால் லைற் ஏஸ், டவுன் ஏஸ் வான்களில் வந்த ரொயோட்டா 4கே, 5கே, அல்லது பழைய டட்சன் சனியின் ஏ12. மூன்றும் பின் சில்லு ஓட்டத்துக்குச் செய்தவை, காபரேற்றரில் ஓடுபவை, ஊர் மெக்கானிக்குக் கைவந்தவை. 5கே 1486 சீசீ என்பதால் இழுவை அதிகம். அதை மைனரின் பழைய டிஃபரன்சலோடு (பின் அச்சின் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி) விட்டுக் கண்டபடி மிதித்தால் பின் அச்சின் சாவ்ற் முறியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். போன வருசம் என் கராஜுக்கு ஒரு மைனர் வந்தது. வேறு இடத்தில் 5 கியர் பெட்டி போட்டிருந்தார்கள். பெட்டி நீளம், இடம் காணவில்லை. அதனால் கியர் பெட்டிக்குக் கீழே குறுக்காகப் போகிற சட்டத்தின் நடுப்பகுதியைக் காஸால் அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு அங்குல கோணத்தகட்டை வெல்டிங் பண்ணியிருந்தார்கள். மைனரின் முன் சஸ்பென்சனுக்குச் சுருள்வில் கிடையாது. நீட்டு முறுக்குக் கம்பிகள் இரண்டும் காரின் முழு முன்பாரத்தையும் தாங்கிக்கொண்டு அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் வந்து பிடித்திருக்கின்றன. அந்தக் காரின் இடப்பக்கம் இரண்டு விரல் தணிந்திருந்தது. கதவைச் சாத்தினால் பூட்டு கொளுவவில்லை. வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. குடும்பத்தோடு வவுனியா வரைக்கும் அதில் போய் வந்திருக்கிறார்கள். யார் சொன்னாலும் அந்தச் சட்டத்தை வெட்ட விடாதீர்கள். பெட்டி பொருந்தாவிட்டால் வேறு பெட்டி தேடுங்கள்.

எஞ்சின் மாற்றினால் பிறேக்கும் மாற்றவேண்டுமா? (ஒட்டுசுட்டான்)

எஞ்சின் மாற்றாவிட்டாலும் பிறேக்கைப் பாருங்கள்! மைனருக்கு நாலு சில்லிலும் டிரம். ஆரம்பத்தில் எல்லாமே 7 அங்குலம், 1098 எஞ்சினோடு முன்னுக்கு மட்டும் 8 அங்குலம் வந்தது. ஒரே குழாய் வரிசைதான், எங்கேயாவது ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போய்விடும். மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்றினால்தான் எண்ணெய் மட்டம் தெரியும். அதனால் பலர் வருசக்கணக்கில் பார்ப்பதே இல்லை.

எங்கள் பக்கம் பொழுதுபட்டால் ரோட்டில் மாடு படுத்திருக்கும், உங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் வரும். 48 குதிரைவலுவுக்கே மட்டுமட்டான பிறேக்கை வைத்துக்கொண்டு 70 குதிரைவலு எஞ்சினை ஓட்டக்கூடாது. வீல் சிலிண்டர்களுக்குப் புது றப்பர், இறப்பர் ஹோஸ் எல்லாம் புதிது, துருப்பிடித்த இரும்புக் குழாய்களுக்குப் பதில் செப்புக் கலவைக் குழாய், முன்னுக்குக் குறைந்தது 8 அங்குல டிரம். முடிந்தால் முன்னுக்கு டிஸ்க். இதையெல்லாம் முடித்த பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசுவோம்.

தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் இது. அந்த எஞ்சின் இனிச் சரிவருமா? (தருமபுரம்)

ஐயா, 1990களில் வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில் எங்களைச் சுமந்தவை இந்த எஞ்சின்கள்தான். சின்னப் போத்தலில் வைத்த பெற்றோலை நாலு சொட்டு காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, எத்தனை நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்போம். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால்தான் அது முடிந்தது.

ஆனால் அதன் தழும்பும் உள்ளே இருக்கும். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கிற எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் உள்ள ஒயிலைத் தண்ணியாக்கும். அதனால் ரிங்கும் போரும் தேயும், பெயரிங்கும் தேயும். ஒக்ரேன் குறைவு என்பதால் தட்டும், கரியும் கட்டும்.

சரிவருமா என்பதை ஊகித்துச் சொல்லக்கூடாது, அளந்து பார்க்கவேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராகக் கொம்பிரசன் (உள்ளே ஏறுகிற அழுத்தம்) அளந்து பாருங்கள். குறைவான சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் தேய்ந்தது ரிங்கும் போரும். ஏறாவிட்டால் பிழை வால்வில், அல்லது ஹெட் கேஸ்கெற்றில். ரிங் என்றால் போர் பண்ணும் வேலை. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். இந்த அரை மணித்தியால வேலையைச் செய்யாமல் எஞ்சின் முடிந்துவிட்டது என்று சொல்கிற மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள்.

92 போதுமா, 95 அடிக்கவேண்டுமா? (கிளிநொச்சி)

92 போதும். 1098இன் அழுத்த விகிதம் 8.5க்கு 1தான். பிரச்சினை ஒக்ரேனில் இல்லை, ஈயத்தில். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. பழைய இரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் பாதுகாத்தது. இப்போது நெடுந்தூரம், வேகமாக ஓடினால் எக்ஸோஸ்ற் வால்வு மெல்ல மெல்ல உள்ளே இறங்கும், இடைவெளி இறுகும். ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை வைத்து 12 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு) இடைவெளி இருக்கிறதா என்று இடைக்கிடை பாருங்கள். ஹெட்டைக் கழற்றுகிற நாள் வந்தால் கடினமாக்கிய வால்வு சீற் போட்டுவிடுங்கள், பிறகு கவலை இல்லை.

கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் போவதற்குள் கொதிக்கிறது. புது எஞ்சின் என்றால் கொதிக்காதுதானே? (இரணைமடு)

அதே றேடியேற்றர் என்றால் புது எஞ்சின் இன்னும் கெதியாகக் கொதிக்கும், தங்கச்சி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினம். கேத்திலின் அடியில் படிகிற அந்த வெள்ளைப் படிவு றேடியேற்றர் குழாய்க்குள்ளும் எஞ்சினின் தண்ணீர்ப் பாதையிலும் படிகிறது. றேடியேற்றரைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் பண்ணுங்கள். புளொக்கின் வடிகால் அடைப்பைக் கழற்றி, சேறு போகும்வரை அலசுங்கள். தெர்மோஸ்ராற் இல்லாவிட்டால் புதிதாகப் போடுங்கள், கழற்றி எறிவது வைத்தியம் இல்லை. இக்னிசன் ரைமிங் பிந்தி இருந்தாலும் கொதிக்கும், அதையும் பாருங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரோ மழைத்தண்ணீரோ கூலன்ற் கலந்து விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

டைனமோவைக் கழற்றி ஓல்ரனேற்றர் போடலாமா? (பரந்தன்)

தாராளமாகப் போடுங்கள். பழைய டைனமோ 22 அம்பியர்தான் தரும், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான். இரவில் லைற்றும் மழைக்கு வைப்பரும் போட்டால் பற்றறி இறங்கிவிடும். மைனரில் பற்றறியின் நேர் முனைதான் பொடியில் பிடித்திருக்கும். ஓல்ரனேற்றருக்கு எதிர்முனை பொடிக்கு வரவேண்டும். அதை மாற்றும்போது கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். பழைய றேடியோ இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எரிந்துவிடும்.

ஒஸ்ரின் ஏ40 சோமர்செற்றுக்கு ரொயோட்டா 2சி டீசல் எஞ்சின் போட எண்ணம். வயலுக்கும் உதவும். (முழங்காவில்)

மைனருக்கு என்றால் ஒரே பதில், வேண்டாம். 1974 சீசீ டீசலின் பாரத்தை அந்த முன்பக்கம் தாங்காது. சோமர்செற்றுக்குக் கீழே தனிச் சேசிஸ் இருக்கிறது, ஆகவே முடியாத காரியம் இல்லை. ஆனாலும் எஞ்சினை மட்டும் மாற்றினால் அரைகுறைதான். மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட்டின் வழியில் வந்த அம்பாசிடருக்கு 1990களில் 1.8 லீற்றர் இசுசு எஞ்சின் போட்டபோது தொழிற்சாலைக்காரரே 5 கியர் பெட்டியையும் சேர்த்துத்தான் மாற்றினார்கள். டீசல் உயர் சுற்றுக்குப் போகாது. ஒஸ்ரினின் பழைய டிஃபரன்சலோடு ஓடினால் மணிக்கு 60இலேயே கத்தும். பெட்டி, டிஃபரன்சல், பிறேக், முன் சுருள்வில் எல்லாம் மாற்றுகிற செலவுக்கு வயலுக்கு ஒரு லாண்ட்மாஸ்ரரும் வாங்கி, ஒஸ்ரினை ஒஸ்ரினாகவே திருத்தலாம். நான் அதைத்தான் செய்வேன்.

அப்பாவின் காரைக் கொழும்பு பல்கலைக்கழகத் தோழர்கள் மின்சாரத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். (வவுனியா)

இயந்திர வேலை இலகு. மோட்டரை ஒரு தடித்த தகடு வைத்து உங்கள் பழைய கியர் பெட்டியிலேயே பொருத்தலாம். பற்றறியின் பாரமும் விலையும்தான் முட்டுக்கட்டை. வீட்டு 13 அம்பியர் பிளக்கில் 3 கிலோவாற்றுக்கு மேல் எடுக்க ஏலாது, 20 கிலோவாற் மணி பற்றறி நிறைய ஒரு இரவு வேண்டும். படிப்பாகச் செய்யுங்கள், ஆனால் அப்பாவின் காரில் பழகாதீர்கள்.

எஞ்சின் மாற்றினால் புத்தகத்தில் பதியவேண்டுமா? எங்கள் புத்தகம் 2009 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. (புதுக்குடியிருப்பு)

கட்டாயம் பதியவேண்டும். எஞ்சின் இலக்கம், சீசீ, எரிபொருள் எல்லாம் பதிவுப் புத்தகத்தில் இருக்கின்றன. காரும் புத்தகமும் ஒத்துவராவிட்டால் பொலிஸ் மறிக்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் விற்கும்போதும் இடறும். ஆகவே எஞ்சினுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னரே மாவட்டத்து மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் என்னென்ன கடதாசி வேண்டும் என்று கேளுங்கள். எஞ்சின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு தராத கடையில் வாங்காதீர்கள்.

உங்கள் விடயத்தில் எஞ்சினைத் தொடவே வேண்டாம். முதலில் புத்தகத்தின் பிரதி எடுக்கவேண்டும். தொலைந்ததைப் பொலிசில் பதிவுசெய்து, பழைய வரிப் பத்திரம், காப்புறுதித் துண்டு, காரோடு நிற்கிற படம் என்று கையில் எஞ்சியதைச் சேருங்கள். பொனற்றைத் திறந்தால் பயர்வோலில் சேசிஸ் இலக்கத் தகடு இருக்கும். எஞ்சின் இலக்கம் டைனமோவுக்கு மேலே, புளொக்கில் அறைந்த சின்னத் தகட்டில் இருக்கும். இரண்டையும் மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்துப் படம் எடுங்கள். கம்பித் தூரிகை போடாதீர்கள், எழுத்து அழிந்துவிடும். அந்த இரண்டு இலக்கங்களும் பழைய பதிவோடு ஒத்துப்போவதுதான் உங்கள் பலம். இந்த நேரத்தில் எஞ்சினைக் கழற்றினால் அதில் பாதியை நீங்களே எறிந்ததாகிவிடும்.

லண்டனில் இருக்கிறேன். முல்லைத்தீவில் அப்பாவின் மைனருக்கு எஞ்சின் வாங்கக் காசு அனுப்பட்டுமா? (லண்டன்)

காசை விடச் சாமான் அனுப்புங்கள். நீங்கள் இருக்கிற நாட்டில் மைனருக்கு இன்னும் ஏறக்குறைய எல்லாப் பாகமும் புதிதாக விற்கிறார்கள். 1990களில் காலியில் மைனர் தகடுகள் செய்து அங்கே ஏற்றுமதி பண்ணிய காலமும் இருந்தது, இப்போது நாங்கள் அங்கிருந்து எடுக்கவேண்டியிருக்கிறது. பிறேக் றப்பர் செற், மாஸ்ரர் சிலிண்டர், பிஸ்டன் ரிங், கேஸ்கெற் செற், தண்ணீர்ப் பம்ப். வாங்குவதற்கு முன் எஞ்சின் இலக்கத்தின் படத்தை அப்பாவிடம் கேளுங்கள், 1962க்கு முந்திய 948 சீசீ எஞ்சினுக்கும் 1098க்கும் பிஸ்டன் வேறு. ரிங்கை மட்டும் லேத்காரர் போரை அளந்த பிறகு வாங்குங்கள்.

மாற்றத்தான் போகிறேன், மனதை மாற்றமாட்டேன். பழைய எஞ்சினை இரும்புக்குப் போடலாமா? (விசுவமடு)

போடவேண்டாம். ஒயிலையும் தண்ணீரையும் முழுக்க இறக்கி, பிளக் துவாரம் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் புது ஒயில் விட்டுக் கையால் சுற்றுங்கள். பிளக்கைத் திரும்பப் பூட்டி, காபரேற்றர் வாயையும் எக்ஸோஸ்ற் வாயையும் துணி அடைத்துக் கட்டுங்கள், குளவி கூடு கட்டும். நிலத்தில் வைக்காமல் பலகையில் ஏற்றி, மாதம் ஒருமுறை கிராங்கை அரைச் சுற்றுச் சுற்றிவிடுங்கள். இலக்கத் தகடு கழன்றிருந்தால் அதைப் புத்தகத்தோடு வையுங்கள். கழற்றிய மவுன்ற், போல்ற், பழைய கியர் பெட்டி, புறொப்பெல்லர் சாவ்ற் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பெயர் எழுதிப் போடுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை பழையபடி ஆக்க விரும்பினால் எஞ்சினை விட அந்தப் போல்ற்றுகளைத்தான் தேடித் திரிவார்.