குளச்சல் வீட்டு மச்சுல கெடந்த பழைய 386 கம்ப்யூட்டர், அதுக்குள்ள இருக்க மூணு கார்டு

அண்ணே, பேரில்லாத மூணு கார்டு என்னன்னு கேட்டு போட்டோ போட்டிருந்தீங்கல்லா, பாத்தேன். முதல் கார்டுல 15 ஓட்டை உள்ளத மானிட்டருக்குன்னு நெனச்சிட்டீங்க, மானிட்டர் மாட்டுற விஜிஏ போர்ட்டுன்னா 15-ம் மூணு வரிசையா இருக்கும், உங்களுக்கு ரெண்டே வரிசை, பக்கத்துல ஹெட்போன் சொருகுற வட்ட ஓட்டையும் இருக்கு, அப்போ அது சவுண்ட் கார்டு, அந்த 15 ஓட்டை ஜாய்ஸ்டிக்குக்கு.

9 ஓட்டை உள்ளது பழைய டிஸ்ப்ளே கார்டு. ஓட்டைக்கு பதிலா ஊசி நீட்டிட்டு நின்னா சீரியல் போர்ட், பழைய மவுஸ், மோடம் மாட்டுறது. எந்த வகை டிஸ்ப்ளேன்னு தெரியாம மானிட்டர மாட்டிராதீங்க, பழைய மோனோ (ஒத்த நிற) மானிட்டர்ல தப்பான சிக்னல் போனா கெட்டுப்போக வாய்ப்பிருக்கு.

நீளமான கார்டுதான் முக்கியம். 34 பின் ஒண்ணு, 20 பின் ரெண்டு இருக்குல்லா, அது அநேகமா எம்எஃப்எம்-ங்கற பழைய வகை ஹார்ட்டிஸ்க் கண்ட்ரோலர், அதாவது டிஸ்க இயக்குற கார்டு, பிறகு வந்த ஐடிஇ வகைன்னா 40 பின் வரும். இந்த கார்டையும் டிஸ்கையும் தயவுசெஞ்சு பிரிச்சிராதீங்க, ஒரு கண்ட்ரோலர்ல ஃபார்மேட் பண்ணுனத வேற கண்ட்ரோலர் பல நேரம் படிக்காது, அப்பாவோட கடைக்கணக்கு அதுலதான் இருக்குன்னு வேற சொல்லிருக்கீங்க.

கார்டு பின்னால எஃப்சிசி ஐடி (அமெரிக்க அரசு அனுமதி நம்பர்) இருந்தா அத அப்படியே தேடுங்க, தயாரிச்ச கம்பெனி தெரிஞ்சிரும். சிப்புல 9123-ன்னு மாதிரி நம்பர் இருந்தா 1991, 23-வது வாரம்.

கரண்ட் குடுக்கதுக்கு முன்னாடி மதர்போர்டுல உருளையா பேட்டரி இருக்கான்னு பாருங்க, ஒழுகியிருந்தா பைய வெட்டி எடுத்துருங்க. கடக்காத்து பட்ட கார்டோட தங்கக் காலெல்லாம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வச்சு துடைங்க. சிப்பு நம்பர் தெரியுற மாதிரி கிட்டத்து போட்டோ போடுங்க, பாத்து சொல்லுதேன்.